கொடியில் மூன்று வெள்ளை உடுப்பு

சிவமயம்

லா சப்பல், பாரிஸ்
17.07.2014

அன்புள்ள தம்பி வரதராசாவுக்கு,

அக்கா புனிதவதி எழுதுவது. நீயும் யசோதினியும் பிள்ளைகளும் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு தொடங்குகிறேன். உன்னுடைய நாலு பக்கக் கடிதம் போன வியாழக்கிழமை கிடைத்தது. தொலைபேசியில் கதைக்கிற விஷயம் இல்லை என்றுதானே நீயும் எழுதினாய். அதனால் நானும் பேனையை எடுத்தேன்.

முதலில் இஞ்சத்தைப் புதினம். என்னுடைய வதிவிடக் கார்ட் புதுப்பிக்கக் கொடுத்து மூன்று மாதமாகிறது. இன்னும் ரெசிப்பிசே என்கிற தற்காலிகத் துண்டோடுதான் திரிகிறேன். ஹோட்டலில் அதே வேலை, ஒரு நாளைக்குப் பதினாறு கட்டில், விரிப்பெல்லாம் வெள்ளை. முழங்கால் நோ மாரியிலும் கோடையிலும் ஒரே மாதிரி. உன் அத்தான் லூயி-பிளாங்க் ரோட்டில் அந்தச் சாப்பாட்டுக் கடைக் குசினியில்தான் இன்னும். மகன் யதுர்ஷன் பள்ளிக்கூடக் கடைசிச் சோதினை, அந்த பாக், பாஸ் பண்ணிவிட்டான். தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லுகிறான், அதுக்கும் ஒரு சோதினை வைத்தால் நல்லது.

இனிச் சண்டைக்கு வருகிறேன். போன மாதம் யசோதினி எனக்கு ரெலிபோன் அடித்து விக்கி விக்கி அழுதாள். ஐந்து வருஷமாகச் சனிக்கிழமை சனிக்கிழமை ஓவர்டைம் என்று வெளிக்கிடுகிறாயாம். தொழிற்சாலைக்கு அடித்துக் கேட்டால் சனிக்கிழமை பூட்டு என்று சொன்னார்களாம். வேறை ஆரும் இருக்கோ மச்சாள் என்று என்னைக் கேட்டாள். என்னுடைய தம்பி அப்படிப்பட்டவன் இல்லை என்று உனக்காக ஒரு மணித்தியாலம் வழக்காடினேன்.

உன் கடிதத்தின் முதல் பக்கத்தைப் படித்தபோது, வேறு பெண் இருந்திருந்தாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். கோபிக்காதே, நினைத்ததைத்தான் எழுதுகிறேன். நீ சனிக்கிழமை போகிறது பழைய விமானங்களை வைத்துக் காட்டுகிற இடமாம். சம்பளம் இல்லாமல் வேலை செய்கிற இளைப்பாறின மனுசராம். பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டு வருவார்களாம், ஒரு இறக்கையில் கறள் சுரண்டவே இரண்டு மாரி போகுமாம். உனக்கும் முதுகில் பெயர் அடித்த மேலங்கி தந்திருக்கிறார்களாம். அதெல்லாம் நல்லது. ஆனால் நீ துடைக்கிறது எதை? ஊரில் சகடை, சகடை என்று பயந்து ஓடினோமே, அந்தக் குண்டு விமானத்தை. அதே விமானம் இல்லை, அதே சாதி என்று எழுதியிருக்கிறாய். பீப்பாவுக்குள் வெடிமருந்தை அடைத்து எங்கள் தலைக்கு மேலே பின்கதவால் உருட்டிவிட்ட சாதி. அந்தப் பின்கதவை உன்னைப் போல ஒருத்தரும் மினுக்கமாட்டார்கள் என்று அவர்கள் புகழ்ந்ததையும் எழுதியிருக்கிறாய். உனக்கு விசரோடா என்று வாய்விட்டே கேட்டேன். சமையலறையில் நான் மட்டும்தான் நின்றேன்.

யதுர்ஷனிடம் விமானத்தின் பெயரைச் சொல்லி கொம்பியூட்டரில் பார்க்கச் சொன்னேன். ஆட்களையும் தபாலையும் ஏற்றின நல்ல விமானம் அம்மா, ஏன் கேட்கிறாய் என்றான். சும்மா, மாமா வேலை செய்கிறார் என்றேன். அவனுக்குத் தன் சின்னம்மா கலாவதியைப் படத்தில்தான் தெரியும். எப்படிச் செத்தாள் என்று தெரியும். ஏன் வெளியில் நின்றாள் என்று அவனுக்கும் தெரியாது, அவன் தகப்பனுக்கும் தெரியாது. உனக்கும் எனக்கும்தான் தெரியும்.

மூன்றாம் பக்கத்தில்தான் நீ அங்கு போகிற காரணம் விளங்கியது. அந்தச் சாதி விமானத்தைப் பத்து வருஷம் ஓட்டின பெர்னார் என்ற பெரியவரிடம் ஒரு கேள்வி கேட்க உனக்கு இத்தனை வருஷம் பிடித்திருக்கிறது. அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் கொடியில் காய்கிற உடுப்புத் தெரியுமா என்று கேட்டாயாம். அவர் சிரிக்கத் தொடங்கி, உன் முகத்தைக் கண்டு நிறுத்தி, யோசித்துத்தான் சொன்னாராம். ரோட்டுத் தெரியும், தகரக் கூரை மின்னும், உடுப்பு ஒருக்காலும் தெரியாது என்று. அதுக்குக் கீழே நீ எழுதியிருக்கிறாய்: "அக்கா, அந்த உடுப்பைக் கண்டு குண்டு போடேல்லை. இனியாவது நிம்மதியாய் நித்திரை கொள்ளுங்கோ."

தம்பி, நான் சொல்லப் போகிறதைக் கவனமாகப் படி.

அந்த ஞாயிற்றுக்கிழமை கலாவதியின் பள்ளிக்கூட உடுப்பு மூன்றையும் தோய்த்துக் கஞ்சி போட்டுக் கொடியில் விரித்தது நான். விமானச் சத்தம் கேட்டால் வெள்ளையை உள்ளே எடுக்க வேணும், வெள்ளையைக் கண்டுதான் குண்டு போடுவான் என்று ஊரிலே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சத்தம் கேட்டது, எல்லோரும் பங்கருக்குள் இறங்கிவிட்டோம், உடுப்பு வெளியில். முதலில் உன்னைத்தான் போகச் சொன்னேன். காலில் முள்ளுக் குத்திவிட்டது என்றாய். அது பொய்யா மெய்யா என்று நான் இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை, இப்பவும் கேட்கவில்லை. அதுக்குப் பிறகு அவளைப் பார்த்து, உன்ரை உடுப்புத்தானே, ஓடிப் போய் எடுத்துக்கொண்டு வா என்றேன். போனாள். பிறகு நாங்கள் வெளியில் வந்தபோது இரண்டு உடுப்புக் கொடியில் கிடந்தது. மூன்றாவது அவள் கையில்.

இருபத்து நாலு வருஷம் நான் எனக்குச் சொல்லிக்கொண்டது ஒன்றுதான். மூன்று வெள்ளையும் கொடியில் கிடந்திருந்தால் அவன் கண்டு பங்கரின் மேலேயே போட்டிருப்பான், எல்லோருமே செத்திருப்போம், அவள் போனது எங்களுக்காக. இதை எனக்குள்ளே சொல்லித்தான் கலியாணம் கட்டினேன், பிள்ளை பெற்றேன், விடிய எழும்பி வேலைக்குப் போகிறேன். நீ எனக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்து அதை எடுத்துப்போட்டாய். உடுப்பு மேலே தெரியாது என்றால், நான் அவளை என்னத்துக்கு வெளியில் அனுப்பினேன்?

போன திங்கள் யூலை பதினாலு, இவர்களின் தேசிய நாள். உனக்குத் தெரியும், அன்றைக்கு இஞ்சை இராணுவ விமானங்கள் அணிவகுத்துப் பறக்கும், சிலது எங்கள் கூரைக்கு மேலாலும் போகும். இஞ்சை வந்த நாள் தொடக்கம் அன்று காலமை யன்னல் கம்பியில் கிடக்கிற உடுப்பெல்லாம் எடுத்து உள்ளே போட்டுவிடுவேன். எதிர்வீட்டு ஜிஸ்லேன் ஒருமுறை ஏன் என்று கேட்டாள். புகை படியும் என்று சமாளித்தேன். இந்த முறையும் சத்தம் கேட்டவுடன் ஓடினேன். அத்தானின் வெள்ளைக் குசினிச் சட்டையில் கை வைத்துவிட்டேன். அப்பதான் உன் கடிதம் ஞாபகம் வந்தது. தெரியாதே, ஏன் எடுக்கிறாய் என்று நானே எனக்குச் சொன்னேன். எடுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. விமானமெல்லாம் போய் முடிந்த பிறகும் அந்தச் சட்டையைப் பிடித்தபடி நின்றேன். யதுர்ஷன் வந்துதான் கையைப் பிரித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனான்.

ஆவணியில் சனத்தைக் கூப்பிட்டுக் காட்டுகிற நாளாம், விமானத்துக்குள் ஏற்றி இருத்துவார்களாம், ரயில் ரிக்கற் போடவா என்று கேட்டிருந்தாய். ரயில் ஸ்ரேசன் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. நான் வரமாட்டேன். நீ போகாதே என்றும் சொல்லமாட்டேன். அந்தக் கதவடியில் குந்தியிருந்து நீ தேடுகிறது என்ன என்று எனக்கு விளங்கும். ஆனால் யசோதினியிடம் சொல்லு. பாவம் அவள், இல்லாத ஒருத்தியோடு மல்லுக்கட்டுகிறாள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. பெர்னாரிடம் இன்னொரு முறை கேள். முதல் முறை நீ வடிவாகக் கேட்டிருக்கமாட்டாய். காலமை பத்து மணி, முகில் இல்லை, நல்ல வெயில் என்று சொல்லு. ஒரு உடுப்பு இல்லை, மூன்று, ஒரே கொடியில், நீலம் போட்டது, ஈரம் காயாதது என்று சொல்லு. ஆறுதலாக யோசிக்கட்டும், அவசரமில்லை. தெரியும் என்று சொன்னால் உடனே எனக்கு எழுது. தெரியாது என்றுதான் திரும்பவும் சொன்னால் எழுத வேண்டாம். நீ இன்னும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு இருப்பேன்.

உன் கைக்கும் காலுக்கும் ஒரு குறையும் வராமல் அம்மாள் காக்கட்டும்.

உன் வரவையல்ல, உன் கடிதத்தைப் பார்த்திருக்கும்
அக்கா
புனிதவதி