ஆறு தூங்கும் இடம்

ஏப்ரல் 22
நாலாம் வகுப்புக்குத் திசைகள் நடத்தினேன். சூரியன் எங்கே உதிக்கும் என்று கேட்டதற்கு, பதினொரு பேரும் ஒரே குரலில், "மேலாத்துல, பாய்தேவ்!" என்றார்கள். கிழக்கு என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. பிரம்மபுத்திரா இந்தத் தீவுக்குக் கிழக்கிலிருந்துதான் வருகிறது, அந்தப் பக்கம்தான் மேலாறு. பிறகு பாய்தேவ் என்று இவர்கள் கூப்பிடும் டீச்சர் நான் எப்படித் தப்பு போடுவது? போட்டேன். எரிச்சலாக இருந்தது, என் மேலேயே.

ஏப்ரல் 29
பள்ளியிலிருந்து கரை வரை பிள்ளைகளோடு காலடி வைத்து அளந்தோம். நூற்றுப் பதினெட்டு. போன வாரம் நூற்று முப்பத்தொன்று. மீதியை ஆறு அரித்துவிட்டது.

மே 6
அலுவலகக் கடிதம் வந்துவிட்டது. பள்ளியை மாற்ற, வெள்ளத்துக்கு முன் பாதுகாப்பான இடம் காட்டி, நிலையான அடையாளங்களோடு வரைபடம் தர வேண்டும். இல்லையென்றால் எங்கள் பள்ளியை அக்கரைப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள்.

"நிலையான அடையாளமா? இந்தத் தீவுல என் மூக்கு ஒண்ணுதான் நிலையா இருக்கு, அதை வரைஞ்சு அனுப்பு" என்றார் ஊர்த்தலைவர் போகிராம். எல்லோரும் சிரித்தோம். லொகிமி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "தண்ணி ஏறுற மாசத்துல என் பொண்ணைப் படகுல ஏத்தமாட்டேன். வீட்ல தறி இருக்கு, நெய்யட்டும்."

அவள் பெண் ரெணுமாய். வகுப்பில் வரைபடத்தை விரித்தால் கண் மின்னும் பிள்ளை. அவளைத் தறியில் உட்கார வைப்பதா?

மே 9
நாலாம் வகுப்பை ஊரை வரையச் சொன்னேன். ரெணுமாய் ஆற்றுக்குள்ளே பாதி ஊரைப் போட்டிருந்தாள். பழைய பள்ளி, பந்து விளையாடிய திடல், அவள் பிறந்த வீடு. கடுகு போடும் மணல்வெளியின் குறுக்கே நீலத்தில் ஒரு கோடு வேறு.

"இதெல்லாம் தண்ணியில போயிடுச்சேடி."

"இருக்கு பாய்தேவ். மேலதான் தண்ணி ஓடுது."

"இந்த நீலக் கோடு?"

"அங்க ஆறு தூங்குது. அப்பா சொன்னாரு."

இருப்பதை மட்டும்தான் வரைய வேண்டும் என்று சிவப்பு மையால் அடித்தேன். அவள் முகம் சுண்டிப் போயிற்று. அவள் போன பிறகு அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பிறந்த வீட்டையும் அவள் தண்ணீருக்குள் சரியான இடத்தில் போட்டிருந்தாள். மீன்கள் மூங்கில் கால்கள் மேல் நின்ற எங்கள் வீட்டு ஏணியில் ஏறி உள்ளே போகும் என்று நினைத்துக்கொண்டேன். அங்கே அம்மாவின் அடுப்புப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

மே 17
என் வரைபடம் முடிந்தது. சுத்தமான மை, சரியான அளவு. பள்ளிக்கு இடம்: கடுகு மணல்வெளி. கரைக்கு ரொம்பத் தள்ளி. எனக்கே பெருமை.

மே 24
அதிகாரி வந்தார். மணல்வெளியில் நின்று, "நல்ல இடம்" என்று பேனாவைத் திறந்தார். ரெணுமாய் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "இங்கதான் பாய்தேவ் ஆறு தூங்குது."

அப்போதுதான் உறைத்தது. அது ஆற்றின் பழைய தடம். மண் மூடிய தடத்துக்கு ஆறு ஒருநாள் திரும்பும் என்று ஐந்தாம் வகுப்புக்கு நானே நடத்துகிறேன்! வாயை மூடிக்கொண்டிருந்தால் கையெழுத்து விழுந்துவிடும். பிள்ளைகளும் இங்கேயே இருப்பார்கள். சொன்னால் பள்ளி அக்கரைக்குப் போகும்.

சொல்லிவிட்டேன்.

"அப்ப வேற எங்கே?" என்றார். பிள்ளைகளின் படங்களை மணலில் பரப்பினோம். பதினொன்றிலும் தண்ணீரே படாத இடம் ஒன்றுதான், லொகிமி அக்காவின் வீட்டு மேடு. யார் வாய் திறந்து கேட்பது?

கூட்டத்தில் நின்ற அவளே பேசினாள். "என்ன எல்லாரும் என் மூஞ்சியைப் பாக்கறீங்க? வீட்டைத் தூக்கிப் பக்கத்துல வச்சுக்கறேன். தறியை மட்டும் நகத்தமாட்டேன், பாதிச் சேலை ஓடுது."

"தறியில உட்கார வைக்கறேன்னீங்களே அக்கா?"

"படகுல ஏத்தமாட்டேன்னேன். பள்ளிக்கூடத்துக்கே அனுப்பமாட்டேன்னா சொன்னேன்?"

சொன்னாள்தான். நான் அதிகாரிக்கு மேட்டைக் காட்டினேன்; கையெழுத்துப் போட்டார்.

ஜூன் 2
ஊரே வந்து லொகிமி அக்காவின் வீட்டைக் கழற்றித் தோளில் தூக்கியது. அந்த மேட்டில் உயரமான மூங்கில் கால்கள் நட்டு, பள்ளியைத் தறிக்கு மேலேயே எழுப்பினார்கள். லொகிமி அக்கா எல்லோருக்கும் அரிசிக் கள் ஊற்றினாள். போகிராம் மூன்று கோப்பைக்குப் பிறகு தன் மூக்கை எல்லைக்கல்லாகப் பதியச் சொன்னார்.

ஜூலை 3
விடிந்தபோது ஆறு கடுகு மணல்வெளி வழியாக ஓடிக்கொண்டிருந்தது. ரெணுமாய் கோடு போட்ட அதே வளைவு. சத்தமே இல்லை. நான் காட்டிய இடத்தில் ஒரு வாழைமரம் நின்றபடியே மிதந்து போனது.

வருகை: இருபத்து மூன்றுக்கு இருபத்து மூன்று. எல்லோரும் பள்ளித் தரையின் விளிம்பில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தரைக்குக் கீழே தறிச் சத்தம் நின்றது.

"என்ன, சத்தத்தையே காணோம்? பாடம் நடக்குதா இல்லையா?" என்றாள் கீழிருந்து லொகிமி அக்கா.

நடக்கிறது என்றேன்.