லேபர் ரூம் செருப்பு

கண்ணு,

நேற்று ஜீப்பின் முன்சீட்டைக் கழற்றினேன். மழைத்தண்ணீர் இறங்கி, அடியில் காளான் முளைத்திருந்தது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் அங்கேயே காப்பித் தோட்டம் போட்டு, கணக்கெழுத ஒரு ரைட்டரையும் உட்கார வைத்திருப்பேன். காளானுக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு கிடந்தது. பட்டையில் வெள்ளை பெயின்டில் ‘லேபர் ரூம்’ என்று எழுதியிருந்தது. மோந்து பார்த்தேன். பினாயில் வாசனை இன்னும் போகவில்லை. ஏழு மலைக்கும் ஒரு ஓட்டை ஜீப்புக்கும் அதிபதியான உன் தாய்மாமன், அந்தச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன்.

அது உன் சட்டம். லேபர் ரூம் செருப்பு வாசலைத் தாண்டி வெளியே வரக்கூடாது, வெளிச்செருப்பு உள்ளே போகக்கூடாது. பேரனைப் பார்க்க விறைப்பாக வந்த கவுன்சிலரை வெறுங்காலோடு நிறுத்தி, “கிருமிக்குக் கவுன்சிலரைத் தெரியாதுங்க” என்றாய். டெல்லியிலிருந்து மந்திரி ஹெலிகாப்டரில் வந்து குதித்திருந்தாலும், ஹெலிகாப்டரை வாசலில் கழற்றிவிட்டு வரச் சொல்லியிருப்பாய்.

நீ வேலை பார்த்த மலை ஆஸ்பத்திரிக்குக் காகிதத்தில் மூன்று நர்ஸ். ஒருத்தியைச் சேலத்துக்கு டெபுடேஷனில் இழுத்துக்கொண்டார்கள். இன்னொருத்தி பிரசவத்துக்குப் போனாள், அவளுக்குப் பதில் ஆள் வரவில்லை. பிரசவம் பார்ப்பவளுக்கும் பிரசவம் வரும் என்பதை மேலே இருக்கும் மகான்கள் கேள்விப்பட்டதே இல்லை போலிருக்கிறது. மிச்சம் நீ ஒருத்தி, அதுவும் வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில். காலை எட்டு மணிக்கு டூட்டி மாற வேண்டும். ரிப்போர்ட் நோட்டில் ‘ஒப்படைத்தவர்’ என்ற இடத்தில் நீ கையெழுத்துப் போட்டாய், ‘ஏற்றுக்கொண்டவர்’ என்ற இடத்திலும் நீயே போட்டாய். ஒருநாள் அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டினாய். மேல் கையெழுத்தைவிடக் கீழ்க் கையெழுத்து கோணலாக இருந்தது. நான் அதற்கும் ஏதோ கேலி பேசினேன்.

அப்படி ஒரு காலையில்தான் தலைச்சோலை ஊர்க் கர்ப்பிணிப் பெண்ணுக்கு பி.பி. ஏறியது. நூற்று நாற்பதைத் தாண்டினால் சேலம், அதுவும் உன் சட்டம். ஆம்புலன்ஸ் ஏற்கனவே கீழே போயிருந்ததால் என் ஜீப்பில் ஏற்றினாய். இருபது கொண்டை ஊசி வளைவிலும் அவள் மணிக்கட்டிலிருந்து உன் விரல் எடுபடவில்லை. பெரியாஸ்பத்திரியில் அவளை ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வந்தவள், ஜீப்பில் ஏறப்போகையில் குனிந்து பார்த்து அப்படியே நின்றாய். காலில் நீலச் செருப்பு.

“மாமா, இது யார் காலுங்க?”

நான் ஸ்டியரிங்கில் அடித்து அடித்துச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. இரண்டையும் கழற்றிச் சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு உட்கார்ந்த மாத்திரத்தில் தூங்கிப்போனாய். வளைவுக்கு வளைவு உன் தலை கதவில் மோதியது. நீ விழிக்கவில்லை. விழிக்காததுதான் சேதி என்று இந்த மண்டைக்கு ஏறவில்லை.

எனக்கு அது நல்ல கதையாகத்தான் தெரிந்தது. சாயங்காலத்துக்குள் பஜார் பூராவும் சொல்லி முடித்தேன். கதை ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது, நீ ஒரு காலில் டாக்டர் செருப்பும் மறு காலில் கம்பவுண்டர் செருப்பும் போட்டிருந்தாய். வெள்ளிக்கிழமைக்குள் இடுப்புக்கு ஒன்றாக இரட்டைக் குழந்தையோடு சேலத்திலிருந்து வெறுங்காலில் மலையேறி வந்துவிட்டாய். நீ கேட்டுவிட்டு, “அந்த ரெண்டு குழந்தையையும் நான் ரிஜிஸ்டர்ல எழுதோணும், பேரைச் சொல்லுங்க மாமா” என்றாய். அவ்வளவு அலுப்பிலும் எனக்கு ஈடு கொடுத்தாய்.

அந்த மாதமே சேலத்திலிருந்து ஒரு அதிகாரி மலைக்கிராமங்களைச் சுற்றிப் பார்க்க வந்தார். அவர் ஏறியது என் ஜீப்பில். முந்தின நாள் நீ வெள்ளக்கடையில் என் ஊட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, இறங்காமலேயே கேட்டாய்: “நான் சொன்னா எதுத்துப் பேசறேம்பாங்க மாமா. நீங்க எப்படியும் வாய் ஓயாம பேசுவீங்க. அதுல இதையும் ஒண்ணு சேர்த்துச் சொல்லிப்போடுங்க. இன்னொரு நர்ஸ் வேணும்னு, அவ்வளவுதானுங்க.”

சொல்கிறேன் என்றேன். மறுநாள் அவருக்கு ஏரியின் ஆழத்தைப் பாதாளம் வரை தோண்டிக் காட்டினேன். காட்டெருமையை யானையாக்கினேன். நன்றாகச் சிரிக்கிற மனுஷன். அவர் சிரிக்கச் சிரிக்க எனக்குக் கொம்பு முளைத்தது. அந்த உற்சாகத்தில் செருப்புக் கதையையும் எடுத்துவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். இன்னொரு நர்ஸ் என்ற பேச்சை எடுக்க நினைத்தபோது அவர் கார் வந்துவிட்டது.

அடுத்த வாரம் உனக்கு மெமோ வந்தது. லேபர் ரூம் செருப்பு ஒரு ஜோடி வெளியே போயிருக்கிறது, திரும்பி வரவில்லை, விளக்கம் தருக. மூன்று நர்ஸில் இரண்டு குறைந்தபோது வராத காகிதம், ரப்பர் செருப்பு குறைந்ததும் ரெக்கை கட்டிப் பறந்து வந்தது. நீ என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. “கவனக்குறைவு, மன்னிக்கவும்” என்று எழுதிக் கொடுத்துவிட்டு, புதுச் செருப்பும் நீயே வாங்கி வைத்தாய். சீட்டுக்கடியில் கிடப்பதைச் சொல்லக்கூட வெட்கப்பட்டு நான் அந்தப் பக்கமே வரவில்லை.

அப்புறம் ஒரு மாதம்கூட இல்லை. காலையில் டூட்டிக்குக் கிளம்பும்போது தலை நொம்ப வலிக்கிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டாய். உங்கம்மா எனக்குப் போன் செய்தாள். அதே ஜீப், அதே வளைவுகள். இந்தத் தடவை மணிக்கட்டைப் பிடித்திருக்க ஆள் இல்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது, பி.பி. எத்தனை நாளாக இருந்ததோ என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். மலையில் உள்ள அத்தனை கர்ப்பிணியின் கையிலும் பி.பி. பட்டை சுற்றியவளுக்குச் சுற்றிப் பார்க்க ஒரு ஆள் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய மாலையாகக் கொண்டுவந்து போட்டார்கள். தூக்க மட்டும் நாலு பேர் வந்திருந்தார்கள்.

உன் இடத்துக்கு ஒரு புது சிஸ்டரைப் போட்டார்கள். ஒருத்தியைத்தான்.

இன்று காலை எட்டரைக்கு ஒரு சவாரியை இறக்கிவிட ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனேன். அந்தப் புது சிஸ்டர் பெண் வெளியே வந்து, வெயிலைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றது. காலில் நீலச் செருப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, சாமி. நேராக டாக்டர் ரூமுக்குப் போனேன். என் ஆயுசில் முதல்முறையாக, உள்ளதை உள்ளபடி சொன்னேன்: “அந்தப் புள்ள லேபர் ரூம் செருப்போட வெளிய நிக்குதுங்க. பி.பி. பாருங்க.”

அவர் பேனாவை மூடினார். “இன்னைக்கு எத்தனை செருப்புங்க மாமா?” என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஜீப்புக்கு வந்து உன் ஜோடியை எடுத்துப் போய் அவர் மேஜைமேல் வைத்தேன். அவர் பட்டையில் இருந்த எழுத்தைப் பார்த்தார், அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். எழுந்து போய் அந்தப் பெண்ணை உட்கார வைத்துக் கையில் பட்டையைச் சுற்றினார். எவ்வளவு என்று நான் சொல்ல மாட்டேன், என் வாயில் வந்தால் எந்த எண்ணையும் ஊர் நம்பாது. உன் சட்டப்படி அது சேலம்.

லேபர் ரூமைப் பூட்டி, சேலம் செல்லவும் என்று கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள். மேஜைமேல் இருந்த உன் ஜோடியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, அந்தப் பெண்ணை ஜீப்பில் ஏற்றி நானே ஓட்டிக்கொண்டு போனேன். அட்மிட் செய்துகொண்டார்கள். உள்ளே போகும்முன் அந்தப் பெண் குனிந்து காலைப் பார்த்து, பதறிக் கழற்றி, “இது உள்ள இருக்கோணுமுங்களே” என்று என் கையில் கொடுத்தது.

சீட்டுக்கடியில் இப்போது இரண்டு ஜோடி இருக்கிறது, கண்ணு. மெமோ வரட்டும். இந்தத் தடவை விளக்கத்தை நான் எழுதுகிறேன், ஒரு சொல்லும் கூட்டாமல்.