கிணற்றடியில் நீங்கள் எடுத்த கணக்கு

டீச்சரக்கா,

இன்று காலை உங்கள் பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கினேன். எத்தனை தேய்த்தாலும் அந்த நெளிசல் போகவில்லை. குடத்தை எனக்கு விட்டுப் போனீர்கள், சரி. கூடவே வம்பையும் விட்டுப் போகணுமா?

ஜனத்தொகைக் கணக்கு எடுத்த வருஷம் அது. எங்கே பிறந்தீர்கள், இந்த ஊருக்கு வந்து எத்தனை வருஷம் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினீர்கள். எழுதினோமா, வந்தோமா என்று இருந்தீர்களா? கிழக்கே மழை பொய்த்து, தீப்பெட்டி வேலைக்கு வந்து ஊரோரம் குடிசை போட்டிருந்த மாரியம்மாவைக் கையோடு கிணற்றடிக்குக் கூட்டி வந்தீர்கள். ஊருணிக் கலங்கலையே குடித்து அவள் பிள்ளைக்கு ஓயாத வயிற்றுப்போக்கு. நர்ஸ் வேலை பார்த்த எனக்கு மருந்து கொடுத்தே அலுத்துவிட்டது.

செல்லத்தாய் மறித்தாள். "இந்த ஊர்ல பொறந்தவுகளுக்கு வெட்டுன கிணறு டீச்சர். வந்தேறிக்கு இங்கன என்ன சோலி?"

"நீங்க எங்கன பொறந்தீக?" என்றீர்கள்.

"சாத்தூர்ல. வாக்கப்பட்டு வந்தேன்."

"ஒங்க மூத்தவன்?"

"தலப்பிரசவம் எங்கம்மா வீட்டுலதான். இது என்ன கேள்வி?"

"ஒங்க வீட்டுக்காரரும் தலப்பிள்ளை. பொறந்தது அவுக அம்மா ஊரு ஏழாயிரம்பண்ணையில. மாரியம்மா மகதான் இங்கனயே பொறந்தவ. வழி விடுங்க."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஆத்திரத்தில் செல்லத்தாய் உங்கள் குடத்தைப் பிடுங்கிக் கல்லில் எறிந்தாள். நீங்கள் அசையவில்லை. மாரியம்மா இறைத்து முடிக்கும்வரை நின்றீர்கள். அதற்குப் பிறகும் தினமும் போய் நின்றீர்கள். பிள்ளை தேறினாள்.

"ஒங்களுக்கு வேற வேலையே இல்லையாக்கா?" என்று கத்தினேன். "நானும் வந்தவதானே" என்று சிரித்தீர்கள். எரிச்சலாக வந்தது.

இன்றைக்கு நடந்ததைக் கேளுங்கள். தீபாவளி வெடி சீசனுக்குப் பட்டாசு வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி குடத்தோடு நின்றாள். "ஊர்க்காரங்க எடுக்கட்டும், நீ தள்ளி நில்லு" என்று அவளை விரட்டியது யார் தெரியுமா? மாரியம்மா! அடிப்பாவி! உங்களைப் போல மடக்கிக் கேட்க எனக்கு எங்கே வரும்? நீங்கள் இருந்தால் உங்களைக் கூப்பிட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போயிருப்பேன். நீங்கள்தான் இல்லையே. மாரியம்மா கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கி அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். அவள் இறைத்து முடிக்கும்வரை நின்றேன். மாரியம்மா முறைத்தாள். முறைக்கட்டும்.

முழங்கால் வலி உயிர் போகிறது. நாளைக்கும் போய் நிற்கணும், அக்கா.