அம்மா நற்கருணை வாங்காத ஞாயிறு

மாதா துணை

லிங்கநகர்,
திருகோணமலை.
வியாழக்கிழமை

அன்புள்ள மகன் றிக்சனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம், மனதளவிலும் சுகமென்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஒஸ்லோவில் இன்னும் குளிர் விடவில்லை என்று மருமகள் கீர்த்தனி சொன்னா, நீயும் அவவும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டுமென்று ஒவ்வொரு நாளும் மாதாவைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. இங்கே வெயில் கொளுத்துகிறது, கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. இதைக் காகிதத்தில் எழுதி நானே போனில் படம் எடுத்து அனுப்புகிறேன், பக்கம் முன்பின்னாக வந்தால் நம்பரைப் பார்த்து வாசி. கோல் எடுத்துக் கதைக்கலாமே என்று நினைப்பாய், ஏலாது மகன், இந்த வீட்டில் இப்போது குசினிக்குள்ளும் நாலு பேர் நிற்கிறார்கள், நோட்டீஸ் மடிக்கிறவர்களும் தேத்தண்ணி கேட்கிறவர்களுமாகச் சந்தை மாதிரிக் கிடக்கிறது. அதோடு நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

வருகிற செவ்வாய் தேர்தல். எங்கள் சுயேச்சைக் குழுவுக்குக் கேத்தில் சின்னம், கூடுதல் இடம் கிடைத்தால் அம்மாதான் மேயர் என்று ஊர் முழுக்கக் கதை. துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டிய என்னை இப்போது கேத்திலின் புருஷன் என்று கூப்பிடுகிறார்கள், போகட்டும். ஓய்வுக்குக் காலம் இருக்க மாநகரசபை வேலையை விட்டுவிட்டு இறங்கவேண்டாம் என்று நான் கத்தினது உனக்குத் தெரியும். ஆனால் வோட்டுக் கேட்கக் கூடப் போய்ப் பார்த்தபிறகு வாயை மூடிக்கொண்டேன். எழுதுவினைஞராகச் சேர்ந்து சுகாதாரப் பகுதிக்கே பொறுப்பாக வந்தவ, சுனாமிக்குப் பிறகு கிணறு இறைத்த ஆட்களோடு சேற்றுக்குள் நின்றவ, ஊருக்குள் திரிகிற மான்கள் பொலித்தீனைத் தின்று சாகின்றன என்று கடை கடையாக ஏறிச் சண்டை பிடித்தவ, சனம் ஒன்றையும் மறக்கவில்லை. அவவும் பழக்கத்தை விடவில்லை. அன்புவழிபுரத்தில் ஒரு வீட்டு வாய்க்காலுக்குள் பிள்ளையின் பம்பர்ஸ் கிடக்க, நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டே ஏசத் தொடங்கிவிட்டா. அந்த மனிசி கொடுப்புக்குள் சிரித்துக்கொண்டு, மிஸ் நீங்கள் வோட்டுக் கேக்க வந்தனீங்களோ தெண்டம் அடிக்க வந்தனீங்களோ என்று கேட்டா. அந்த வீட்டில் எங்களுக்கு நாலு வோட்டு நிச்சயம்.

இப்போது இக்ராம் நானாவின் விஷயத்துக்கு வருகிறேன். மார்க்கட்டுக்குக் கிட்ட அவருடைய சாப்பாட்டுக் கடைக்கு அம்மாவும் பரிசோதகர்மாரும் கோட்டு உத்தரவோடு போய்ப் பூட்டுப் போட்டபோது நீ பத்தாம் வகுப்பு. குசினிக்குள் எலி, கழிவுத் தண்ணீர் ரோட்டில். மனுஷன் அன்றைக்கு அம்மாவைக் கண்டபடி ஏசினார். பிறகு அம்மாதானே போய் நின்று கழிவுக் கான் எப்படி வெட்டவேண்டும், குழி எங்கே வைக்கவேண்டும் என்று காட்டிக்கொடுத்துக் கடையைத் திறக்கவைத்தா. அதற்குப் பிறகு ஒரு நோன்புப் பெருநாளுக்கும் எங்கள் வீட்டுக்கு வட்டிலப்பம் வராமல் இருந்ததில்லை. ரியூசன் விட்டு வந்து நீ பராட்டா தின்றதும் அந்தக் கடையில்தான், பாதி நாள் காசும் வாங்கமாட்டார். இந்தத் தேர்தலில் அம்மாவைத் தன்னுடைய தெருவுக்குள் கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு வாசலிலும் இவ எண்ட கடைய மூடின மிஸ், அதனாலதான் கேக்கிறன், இவவுக்குப் போடுங்க என்று சொன்னவர் அவர்.

அப்படி இருக்க, நீ என்ன கோதாரி வேலை பார்த்தாய் மகன். போன வருடம் வந்தபோது எங்கள் அல்பத்தில் இருந்து போனில் பிடித்துக்கொண்டு போன படம், அம்மா பூட்டிய கடைக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு நிற்கிற அந்தப் படம், அதை வேறு பெயரில் நீ நடத்துகிற பேஸ்புக் பக்கத்தில் போட்டு, அவங்கட கடைக்குப் பூட்டுப் போட்ட சிங்கம், இனி முழு ஊரையும் அவங்களிட்ட இருந்து துப்புரவாக்கும் என்று எழுதினாயே. யார் மகன் அந்த அவங்கள்? பராட்டா தந்த மனுஷனா? அம்மாவுக்குக் கைதட்டு வாங்கிக் கொடுக்கிறேன் என்று நினைத்திருப்பாய், அவ்வளவு தூரத்தில் இருந்தால் அப்படித்தான் தெரியும் போல. அம்மா உன்னோடு கதைத்தபோது அதை எடுத்துவிடு மகன் என்று மட்டும் சொன்னா, நீயும் எடுத்தாய், முடிந்தது என்று இருப்பாய். முடியவில்லை. அதற்குள் அது முஸ்லிம் சனம் இருக்கிற கிண்ணியா வரைக்கும் போய்விட்டது.

போன வெள்ளி தொழுகை முடிந்த கையோடு இக்ராம் நானா வீட்டுக்கு வந்தார். கதிரையின் நுனியில் இருந்தார், தேத்தண்ணியைத் தொடவில்லை. போனைக் காட்டி, மிஸ், இது நம்மட றிக்சன்ட வேலையெண்டு பொடியனுகள் செல்றானுகள், நான் நம்பல்ல, நீங்க ஒரு வார்த்தை செல்லுங்க என்று கேட்டார். நான் குசினி வாசலில் நிற்கிறேன். அம்மா அவருடைய முகத்தை நேரே பார்த்து, இல்லை நானா, அது ஆரோ எங்களைப் பிரிக்கச் செய்த வேலை, என்ர பிள்ளை அப்பிடி எழுதமாட்டான் என்று சொன்னா. எத்தனை அரசியல்வாதி வந்து நின்றும் ஒரு பொய் அறிக்கையில் கையெழுத்து வைக்காதவ, மகன். அந்த மனுஷன் அதற்குப் பிறகு செய்ததுதான் என்னால் தாங்க ஏலாமல் கிடக்கிறது. எழும்பி நின்று, உங்களப் போய்க் கேட்டுட்டன், மனசில வெச்சிக்காதீங்க மிஸ் என்று அவர் மன்னிப்புக் கேட்டார். கேட்டுவிட்டு, ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனார். அன்று தொடக்கம் வீடு வீடாகப் போய் அது கள்ளப் பக்கம், அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும் என்று உனக்காகச் சத்தியம் பண்ணிக்கொண்டு திரிகிறார்.

அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. மேடையில் சிரிக்கிறா, வீட்டுக்கு வந்தால் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. ஞாயிறு பூசையில் எல்லாரும் நற்கருணை வாங்க எழும்பிப் போக அவ இருந்த வாங்கை விட்டு எழும்பவில்லை. கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது, மேயராக வரப்போகிறவ ஏன் போகவில்லை என்று வாசலிலேயே கதை தொடங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து நான் கேட்டேன், அந்தப் பொய்யோட எப்பிடி வாங்கிறது, தேர்தல் முடியப் பாவசங்கீர்த்தனம் செய்வன் என்று சொன்னா. முதலில் இக்ராமிடம் சொல்லு, பிறகு சாமியாரிடம் சொல்லலாம் என்று நான் சொல்ல, பெத்த பிள்ளையைக் காட்டிக்குடுக்கச் சொல்லுறீங்களோ என்று கேட்டுவிட்டு அழுதா. சுனாமிக்கும் அழாதவ. எனக்கு உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை, மறைக்கமாட்டேன்.

அதனால்தான் உன்னிடம் வருகிறேன். அம்மா உன்னைக் காட்டிக்கொடுக்கமாட்டா, நானும் மாட்டேன். நீயாகச் சொல்லவேண்டும். செவ்வாய்க்கு முன்னம் இக்ராம் நானாவுக்குக் கோல் எடுத்து, அது நான்தான் என்று சொல்லு. பகிடிக்குச் செய்தேன், கூட்டாளிமார் செய்தார்கள் என்று சாட்டுச் சொல்லாதே. அம்மா உனக்காகத்தான் பொய் சொன்னா என்பதையும் சொல்லு, அவரும் பிள்ளை பெற்றவர். ஏசுவார், ஏசட்டும். அந்தத் தெரு முழுக்க எங்களுக்கு இல்லாமல் போகலாம், அதோடு மேயர் பதவியும் போகலாம், யோசித்துத்தான் எழுதுகிறேன். தேர்தல் முடிந்த பிறகு சொல்லுவோம் என்று மட்டும் நினைக்காதே, தன் தெருச்சனம் வோட்டுப் போட்டு முடித்த பிறகு உண்மை தெரிந்தால் அந்த மனுஷன் யாருடைய முகத்தில் முழிப்பார்? அவருடைய நம்பர் பழையதுதான், தொழுகை நேரத்தில் எடுக்காதே.

கீர்த்தனிக்கு என் அன்பைச் சொல்லு, அவவிடம் இதை மறைக்கவும் வேண்டாம். ஆண்டவர் உங்கள் இரண்டு பேரையும் கைவிடாமல் காத்து, உனக்கு உண்மை சொல்லத் தைரியத்தையும் தரட்டும். அம்மா தோற்றால் தேற்ற எனக்குத் தெரியும் மகன், இவ்வளவு காலம் கூட இருந்துவிட்டேன். இந்தப் பொய்யோடு வென்றுவிட்டால் அவவை என்ன சொல்லித் தேற்றுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
உன்னில் கோபமும் பாசமுமாய் இருக்கும் அப்பா,
டொமினிக்