பின்வாசல் வழியாக வந்துபோன மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இருக்கிற இடத்தில் இருக்கிறபடியே நலமாக இருக்கிறோம். நீ நலமா என்று இந்த முறை கேட்க வேண்டியதில்லை, போன வாரம் உன் முகத்தைச் சுவரொட்டியில் பார்த்தேன், கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறது, கண்ணாடியும் புதுசு. உன் பேச்சைக் கேட்க வந்தவர்கள் திரும்பிப் போகும்போது என் சன்னலைத் தாண்டித்தான் போனார்கள், எல்லார் வாயிலும் நல்ல வார்த்தைதான். அதனால் நீ நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட பிறகு பேச்சு மட்டும் நன்றாகத் தெளிந்துவிட்டது, கைதான் இன்னும் சொன்ன பேச்சு கேட்கவில்லை, சட்டைப் பொத்தான் போடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. நான் வேலைக்குக் கிளம்பும்போது நாற்காலியைச் சன்னலோரம் போட்டு உட்கார வைத்துவிட்டுப் போவேன், தெருவில் போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார், மத்தியானத்தில் பக்கத்து வீட்டுத் தையல்காரர் ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போவார். இந்த வீட்டுக்கு நாங்கள் வந்த பிறகு நீ வந்ததே இல்லை. எத்தனையோ தடவை போனில் சொல்லியிருக்கிறேன், பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு நேர் எதிரே போகிற சந்து, முனையில் தையல்கடை, அதற்கு அடுத்த வீடு. எனக்கு அந்தப் பல்கலைக்கழகத்திலேயே வேலை கிடைத்த அன்று சந்தோஷமாகச் சொன்னேன், முன்வாசல் விசாரணைச் சன்னலில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு வழி சொல்கிற வேலை என்று. இந்த வயசுல வாசல்ல போய் உக்காரணுமாம்மா என்றாய். வாசல்ல இல்லடி, வாசலுக்கு உள்பக்கம், மின்விசிறி இருக்கு என்று நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை, நான்தான் அப்போது கவனிக்கவில்லை.

ஊருக்கு வெளியே இருக்கிற இடம் இல்லையா, வருகிறவர்களில் பாதிப்பேர் வழி தவறித்தான் வருவார்கள். ரயிலில் கடைசி நிறுத்தத்துக்குத்தான் பல்கலைக்கழகத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள், ஆனால் அதற்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கினால்தான் பேருந்து கிடைக்கும். பெயரை நம்பிக் கடைசியில் இறங்குகிறவர்கள் புழுதிக்காட்டில் நடந்து வந்து என் சன்னலில் முகத்தை நீட்டி என்னைத் திட்டுவார்கள், நான்தான் தண்டவாளம் போட்டதுபோல. உள்ளே வந்தால் பழைய அரங்கம் ஒன்று, புது அரங்கம் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி. இந்தத் தொல்லைக்காகவே விருந்தினர்களுக்கு அனுப்புகிற வழிக்குறிப்பைப் புதிதாக எழுதித் தரச் சொன்னார்கள், எழுதினேன். தண்ணீர்த் தொட்டியைச் சோற்றுக்கைப் பக்கம் விட்டுவிட்டு நேரே வரவும் என்று எழுதியிருந்தேன், துறை எழுத்தர் அடித்து வலதுபுறம் என்று போட்டார். கடைசி வரியில் மட்டும் கை வைக்கவில்லை. பின்வாசல் சரக்கு வண்டிகளுக்கு மட்டும், விருந்தினர் அவ்வழியே வந்து சிரமப்பட வேண்டாம் என்பது அந்த வரி.

அன்று காலையில் யாரோ என் சன்னல் கண்ணாடியில் வெளிப்பக்கமாக ஒரு சுவரொட்டியை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள், உள்ளே இருக்கிற எனக்கு அதன் வெள்ளை முதுகுதான் தெரிந்தது. ஒரு மாணவி வந்து உன் பெயரைச் சொல்லி, நிலத்தடி நீரைப் பற்றிப் பேசறாங்களே, எந்த அரங்கம்மா என்று கேட்டாள். புது அரங்கம், தொட்டியைத் தாண்டிப் போ என்று வாய் சொல்லிவிட்டது, அதற்கப்புறம்தான் காது கேட்டது. வெளியே ஓடிப்போய்ப் பார்த்தால் நீ. முந்தின வாரம்தானே போனில், அடுத்த கோடைக்குத்தாம்மா லீவு கிடைக்கும், அப்பாகிட்டச் சொல்லிடு என்றாய். ஆனாலும் எனக்குக் கோபம் வரவில்லையடி. சொல்லாமல் வந்து நின்று என்னைத் திகைக்க வைக்கப் போகிறாள், சின்ன வயசிலிருந்தே அவளுக்கு இந்தக் குறும்பு உண்டு என்றுதான் நினைத்தேன். முகம் கழுவிக்கொண்டேன், கூட வேலை செய்கிறவளிடம் சீப்பு வாங்கித் தலை வாரிக்கொண்டேன், வாயிற்காவலரிடம், என் பொண்ணு வருது, வண்டியைக் கொஞ்சம் ஓரமா நிறுத்தச் சொல்லுங்க என்று சொல்லி வைத்தேன். அவரும் பாவம், வருகிற கார் ஒவ்வொன்றையும் நிறுத்தி உள்ளே குனிந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். அன்றைக்கென்று கூட்டம். உன் பேச்சு எங்கே, உன் பேச்சு எங்கே என்று வந்தவர்களுக்கெல்லாம் நானே வழி சொன்னேன். அது என் மகள்தான் என்று சிலரிடம் சொல்லியும் தொலைத்தேன்.

பிறகு ஒலிபெருக்கியில் உன் குரல் கேட்டது. அரங்கம் நிரம்பிப்போய் வெளியே நிற்கிறவர்களுக்காக மைதானத்திலும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருந்தார்கள். நீ என் வாசல் வழியாக வரவே இல்லை, ஆனால் உள்ளே பேசிக்கொண்டிருக்கிறாய். காவலர் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். பேச்சு முடிந்து கூட்டம் கலைகிறபோது துறை எழுத்தர் அந்தப் பக்கமாக வந்தார், அவரிடம் கேட்டேன், நீ என் மகள் என்று அவருக்குத் தெரியாது, சாதாரணமாகத்தான் சொன்னார். மேடம்தாங்க கேட்டாங்க, உங்க குறிப்புல பின்வாசல்னு ஒண்ணு போட்டிருக்கே, அந்த வழியா வந்துட்டுப் போயிடறேன், முன்பக்கம் வேணாம்னாங்க, என்றார். யாரும் அந்த வழியாக வரக் கூடாதென்று நான் எழுதி வைத்ததைப் படித்துத்தான் நீ அந்த வழியாக வந்திருக்கிறாய். வேறு எவரும் அதைக் கடைசி வரி வரைக்கும் படித்ததில்லை. சன்னலைச் சாத்திவிட்டுப் பின்வாசலுக்கு நடந்தேன், ஓட்டமும் நடையுமாகத்தான். எரிவாயு உருளை லாரி ஒன்று பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. அங்கே இருந்த காவலர், இப்பத்தான் போச்சும்மா, கண்ணாடியெல்லாம் ஏத்தி விட்டிருந்துச்சு என்றார். எதிரே நம் சந்து தெரிகிறது, தையல்கடையின் பலகை தெரிகிறது. அதைப் பார்க்காமல் அந்த வாசலை விட்டு ஒரு வண்டி வெளியே வர முடியாது. என்னைப் பார்க்க வெட்கம் என்றால் இருந்துவிட்டுப் போ, நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். வீட்டில் சன்னலோரம் உட்கார்ந்திருக்கிற அந்த மனுஷன் உனக்கு என்னடி செய்தார்?

வீட்டுக்குப் போகிற அந்த நாலு எட்டில் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டே போனேன், அவருக்குச் சங்கதியே தெரிய வேண்டாம் என்று. கதவைத் திறந்தால் அப்பா நாற்காலியைச் சன்னலோரத்திலிருந்து திருப்பி வாசலைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். தையல்காரரைக் கூப்பிட்டு முகச்சவரம் செய்துவிடச் சொல்லியிருக்கிறார், தேய்த்து வைத்திருந்த சட்டையைப் போட்டுக் கழுத்துவரைக்கும் பொத்தான் போட்டிருக்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள், நம்ம வாயாடிக்குக் குரல் கம்மிப்போயிருக்கு, யாராச்சும் ஒரு வாய் சுடுதண்ணி கொடுத்திருக்கக் கூடாதா என்றார். மைதானத்துக் குழாய் நம் வீட்டைப் பார்க்கத்தான் கட்டியிருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முழுக்கக் கேட்டிருக்கிறார். பேச்சு முடிந்ததும் இங்கேதான் வருவாள் என்று உட்கார்ந்திருக்கிறார். முனையில் ஒரு வண்டி வேகம் குறைந்து அப்புறம் போய்விட்ட சத்தமும் அவருக்குக் கேட்டிருக்கிறது. ஊருக்கெல்லாம் வழி சொல்றே, பெத்த பொண்ணுக்குச் சரியாச் சொல்லலையே நீ, பாவம், எங்கெங்க தேடிச்சோ, நேரமாயிடுச்சுன்னு கிளம்பியிருக்கும் என்று என்னைத் திட்டு திட்டென்று திட்டினார். ஆமாங்க, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன் என்றேன். வேறு என்ன சொல்லச் சொல்கிறாய்? அன்றிலிருந்து கோபமாக இருக்கிறார், என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், தொண்டைக்கு இதமாக ஏதாவது குடி, அவர் சொன்னது சரிதான், குரல் கம்மியிருந்தது. உன் பேரும் புகழும் இன்னும் வளரட்டும், ஒரு குறையும் இல்லாமல் இரு, இதைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லவில்லை, மனசாரத்தான் சொல்கிறேன். ஒன்றே ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் செய். ரொம்பத் தேடினியாம்மா என்று கேட்பார். தேடினேம்ப்பா, அம்மா வழியைத் தப்பாச் சொல்லிட்டாங்க என்று சொல்.

இப்படிக்கு,
அம்மா