பன்னிரண்டு குளிசைகள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று றிஸ்னா மிஸ் மூன்று பேரை மருந்து கொடுக்காமல் அனுப்பினார். எங்கள் பார்மசிக்கு அவர் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. என்னைவிட இரண்டு வயது இளையவர். நான் நான்கு வருடமாக இங்கே குளிசை எண்ணிக் கொடுக்கிறேன்; ஆனால் பட்டமும் பதிவும் அவருக்குத்தான். அதனால் மிஸ்.

மூன்றாவது ஆள், பலாபத்வல சந்தியில் டயர் கடை வைத்திருப்பவர். டொக்டரின் மருந்துத் துண்டு இல்லாமல் இருமலுக்கு அண்டிபயோட்டிக் கேட்டார்.

"போன முறை இந்தத் தங்கச்சிதானே குடுத்திச்சு" என்று என்னைக் காட்டினார்.

"அது போன முறை. உக்காருங்க. எத்தனை நாளா இருமல்?"

மூன்று கிழமையாம். மிஸ் பத்து நிமிடம் பேசி, சளியைப் பரிசோதிக்க ஆஸ்பத்திரிக்குப் போகச் சம்மதிக்க வைத்துவிட்டார். முதலாளி ஸியாம் நானாவுக்குப் பொறுக்கவில்லை.

"மிஸ், இது கடையா பள்ளிக்கூடமா?"

"பள்ளிக்கூடம்னா நோன்புக்கு லீவு தந்திருப்பீங்களே நானா."

மிஸ் கொண்டுவந்த விதிகளில் ஒன்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை. எண்ணி மிஞ்சிய குளிசைகள் திரும்ப டின்னுக்குள் போகக் கூடாது. கழிவுப் பெட்டிக்குப் போக வேண்டும். டொலர் இல்லாமல் நாட்டுக்கு மருந்தே வராத அந்த வருடத்தில், ஒரு அட்டைக்காக மாத்தளை முழுக்க அலைந்தவர்களைப் பார்த்தவள் நான். நல்ல குளிசையை எப்படி வீசுவது?

மார்ச் 9, ஞாயிறு

மழை. நல்லவர்களைப் பற்றிய நாவல்கள் ஏன் சலிக்கின்றன என்று யோசித்துக்கொண்டே ஒன்றைப் பாதியில் மூடினேன். மிஸ்ஸைப் பார்த்தால் சலிக்கவில்லையே.

மார்ச் 18, செவ்வாய்

ஒழுங்காக எழுத வேண்டும். நடந்தபடியே.

ஆஸ்பத்திரியில் கிளினிக் நாள், காலையிலிருந்தே கூட்டம். மூட்டுவாதத்துக்கு மெதோட்ரெக்சேட் எழுதிய துண்டோடு ஒரு பெரியவர் வந்தார். இருபத்துநான்கு எண்ணினேன். "பாதி போதும் மகள்" என்றார். மீதிப் பன்னிரண்டையும் வீச மனம் வரவில்லை. மிஸ் அந்தப் பக்கம் திரும்பியிருந்தார். டின்னுக்குள் கொட்டினேன். பெயரைப் பார்க்காமல்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவருக்குப் போலிக் அசிட் எண்ணும்போது வெள்ளைத் தட்டில் இரண்டு விதமான மஞ்சள். வெளிறியது போலிக்; கொஞ்சம் அடர்த்தியானது பெரியவரின் மெதோட்ரெக்சேட். டின் மாறிப் போட்டிருக்கிறேன்.

போலிக், கர்ப்பிணிகள் சாப்பிடுவது. மெதோட்ரெக்சேட், கர்ப்பிணிகள் தொடவே கூடாதது.

உதிரிக் குளிசை வாங்குகிறவர்களின் விலாசத்தையும் போன் நம்பரையும் மிஸ் கொப்பியில் எழுத வைக்கிறார். பார்த்தேன். பெரியவருக்குப் பிறகு போலிக் வாங்கியது ஒரே ஒருத்தி. ஸஹ்ரா, பல்லேபொல, முப்பது குளிசை. காலையில் என்னிடம் மெல்லிய குரலில் சொன்னவள் — ஐந்து வருடத்துக்குப் பிறகு, இரண்டாம் மாதம் என்று.

யாருக்கும் தெரியாது. தட்டை டின்னுக்குள் கவிழ்த்துவிட்டால் யாருக்குமே தெரியாது. அப்படி அரை நிமிஷம் நின்னேன். ஏன் நின்னேன்? நான் அப்படிப்பட்டவளா?

பிறகு மிஸ்ஸிடம் சொன்னேன். ஏன் செய்தாய் என்று அவர் கேட்கவில்லை. "எத்தனை?" என்றுதான் கேட்டார்.

ஸஹ்ராவின் போன் எடுபடவில்லை. தட்டில் இருந்ததையும் டின்னுக்குள் கொட்டி, போலிக் டின்னைப் பையில் போட்டு, ஆட்டோவைக் கூப்பிட்டார். என்னையும் ஏறச் சொன்னார்.

"நீங்க போனா துண்டு மருந்து யார் குடுக்கிறது?" என்றார் ஸியாம் நானா.

"யாரும் குடுக்கக் கூடாது. நான் வரும்வரைக்கும் சவர்க்காரம், பவுடர் வித்தாப் போதும்."

வழியெல்லாம் ஒரே நம்பிக்கைதான்: நோன்பு காலம், மாலை வரைக்கும் வாயில் எதுவும் போட மாட்டாள். மிஸ்ஸும் நோன்பு. உதடு காய்ந்திருந்தது, டொக்டரிடம் போனில் மெதுவாக, ஒவ்வொரு விவரமாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஸஹ்ரா கதவைத் திறந்தாள். "வாந்தி மிஸ், நோன்பு பிடிக்கல. பகலே ஒண்டு குடிச்சிட்டேன்."

மிஸ் அவளை உட்கார வைத்து, மறைக்காமல் சொன்னார். "எங்க கடையில பிழை நடந்திருக்கு" என்று அவர் ஆரம்பித்ததும், "எங்க இல்ல, நான்" என்றேன்.

ஸஹ்ராவின் கணவர் ஸுஹைல் எழுந்துவிட்டார். "படிச்சவங்கதானே நீங்க? கண்ணு தெரியாதா?"

"கேளுங்க, நல்லாக் கேளுங்க. ஆனா முதல்ல எண்ணிடுவோம்" என்றார் மிஸ்.

கட்டிலில் வெள்ளை விரிப்பு. கவரில் மீதி இருந்த இருபத்தொன்பதில் அடர்ந்த மஞ்சள் நான்கு. டின்னைக் கொட்டினோம். முந்நூறுக்கு மேல் இருக்கும். நான் பிரிக்க, மிஸ் மறுபடி பார்க்க, ஸுஹைல் மூன்றாவது தரம் பார்த்தார். ஆறு. ஏழு. கடைசிப் பிடியில் எட்டாவது.

நான்கும் எட்டும் பன்னிரண்டு. அவள் விழுங்கியது போலிக்தான்.

நான் அழுதேன். மிஸ் அழவில்லை. "கணக்குச் சரி. ஆனாலும் எங்க எண்ணிக்கைய நம்பி நீங்க தூங்க வேணாம், டொக்டர்கிட்ட காட்டுவோம்" என்று அதே ஆட்டோவில் அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அந்த ஆட்டோவிலேயே, ஸுஹைல் நீட்டிய பேரீச்சம்பழத்தில் நோன்பு திறந்தார்.

மார்ச் 19, புதன்

நடந்ததை மிஸ் ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். "ஊழியர் ஒருவர்" என்று இருந்தது. அதை வெட்டி, லக்ஷிகா என்று என் பெயரை எழுதினேன். படித்துவிட்டு, கீழே தானும் கையெழுத்துப் போட்டார். "என் கடமை நேரத்துல நடந்தது" என்றார். அவருக்கும் அதில் பொறுப்பு உண்டு என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஏப்ரல் 2, புதன்

ஸஹ்ராவின் ஸ்கேனில் குழந்தையின் இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறதாம். மிஸ்தான் விசாரித்துச் சொன்னார்.

ஜூலை 22, செவ்வாய்

கிளினிக் நாள். வரிசையில் ஸஹ்ரா, வயிறு நன்றாகத் தெரிகிறது. பல்லேபொலவிலிருந்து வரும் வழியில் வேறு பார்மசிகள் இல்லாமலில்லை. மிஸ் இருந்த பக்கம் ஆட்கள் குறைவு. அவள் என் வரிசையிலேயே நின்றாள்.

இரும்புச்சத்துக் குளிசைக்குத் துண்டை நீட்டினாள். டின்னின் பெயரை அவளுக்குக் கேட்கும்படி வாசித்துவிட்டு எண்ணினேன். கவரைக் கொடுத்ததும் அவள் போகவில்லை. கண்ணாடி மேசையில் கொட்டி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். அவளும் அவசரப்படவில்லை, நானும் அவசரப்படுத்தவில்லை.

"சரி" என்றாள். "அடுத்த மாசமும் உங்ககிட்டயே வாறேன்."