உடைக்காத சீல்

செவ்வாய், ராத்திரி.

திண்டிவனம் பஸ்ஸில் வரும்போதும் அதே நினைப்புதான். செல்கள் வெளியே விடும் நுண்பைகளின் புரதங்களை என் லேப் ஜூனியர் ஸ்டெல்லா படம் எடுத்திருக்கிறாள். ரொம்பச் சுத்தம். அதுதான் உறுத்துகிறது. நுண்பையில் இருக்கக்கூடாத புரதம் அங்கே இல்லை, சரி. ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் வைக்கும் முழு செல்லில் அது கட்டாயம் தெரியணுமே? அங்கேயும் வெறும் வெள்ளை. படத்தில் அவள் ஏதோ திருட்டுத்தனம் பண்ணிவிட்டாள் என்றே நினைத்தேன். மத்தியானம் லேப் ஃப்ரிட்ஜில் பார்த்தால், அந்தப் புரதத்தைக் காட்டும் ஆன்டிபாடிக் குப்பியின் சீல்கூட உடைக்கவில்லை. அதை ஊற்றாவிட்டால் அந்தப் புரதம் இருந்தாலும் படத்தில் தெரியாது.

"ஏன்டி, இத ஊத்தினியா இல்லியா?"

"இல்லக்கா. நீங்க எழுதி வச்ச நோட்டப் பாத்துக்கினுதான் பண்ணேன். அதுல அந்த ஸ்டெப்பே இல்லீங்களே."

புரட்டிப் பார்த்தேன். இல்லை.

போன மாசம் எங்கள் கைடு சார் பாராட்டிய, அதே நோட்டைப் பார்த்து நான் எடுத்த படமும் இவ்வளவு சுத்தமாகத்தான் இருந்தது.